பன்னிரண்டு வாரப் பணிப்பட்டியல்: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவரின் பணிச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் செவிலியர் ஒரே ஒருவர் அல்ல. மருத்துவமனை ஊழியர்களைப் பார்க்கும் மனநல மருத்துவராக நான் சந்தித்த சிலருடைய அனுபவங்களை, யாரென்று அடையாளம் தெரியாதபடி ஒருவர் கதையாகக் கோத்திருக்கிறேன். வயது, நாள், எண்ணிக்கை எல்லாமே மாற்றி எழுதியவைதான். மேற்கோள் காட்டும் ஆய்வுகளின் எண்கள் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன.

வந்த விதம்

காலை பத்து மணி இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு ஃபைலோடு என் அறைக்கு வந்தார். கூடவே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். நர்ஸை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"டாக்டர், இவளை நீங்க பாக்கணும். தப்பு பண்ணினதுக்காகக் கூட்டிட்டு வரல. தப்பு பண்ணிட்டு அழாம இருந்தா பாருங்க, அதுக்காகத்தான்."

நர்ஸுக்கு வயது 34. படிப்பு முடித்து 11 வருடம், அதில் 8 வருடம் ஐ.சி.யு.வில். திருமணமானவர், ஆறு வயதில் ஒரு மகள். முந்தின வாரம் அதிகாலை 5.10க்கு நடந்தது இது. ஒரு நோயாளிக்கு இன்சுலின் பம்பில் ஓடிக்கொண்டிருந்தது. மில்லிக்கு ஒரு யூனிட் என்று கலந்தது. ஓட வேண்டியது மணிக்கு 2 மி.லி. சிரிஞ்சை மாற்றிவிட்டு மறுபடி வேகத்தை அழுத்தும்போது 20 என்று அழுத்திவிட்டார். பக்கத்துப் படுக்கையைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னொரு செவிலியர் நான்கு நிமிடத்தில் அதைப் பார்த்து நிறுத்தினார். கூடுதலாகப் போனது ஏறத்தாழ 1.2 யூனிட். கால் மணிக்கொரு தடவை சர்க்கரை பார்த்தார்கள், இறங்கவில்லை. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் 20 யூனிட் போயிருக்கும், மயக்க மருந்தில் இருக்கும் நோயாளியால் படபடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடிந்திருக்காது.

பம்பை நிறுத்திய தோழி பதறிப்போய் இவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். இவர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கையின் சிறுநீர் அளவைக் குறிக்கப் போயிருக்கிறார். நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எதுவும் இவரைத் தொடவில்லை.

இரண்டு வருடம் முன்பு இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று. ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரம் தாமதமானதற்காக மருந்து அறையில் நின்று அழுதவர் இதே நர்ஸ்தான் என்றார் இன்சார்ஜ். அந்த அழுகையை நினைவில் வைத்திருந்ததால்தான் இந்த "சரி" அவர் காதில் உறுத்தியிருக்கிறது. நான் பார்த்தவரையில், பணிச்சோர்வை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் கிடையாது. அந்த மனிதர் முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்தவர்தான் கண்டுபிடிக்கிறார்.

அவர் சொன்னவை

முதல் சந்திப்பில் பாதி நேரம் "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், டயர்டா இருக்கு, அவ்வளவுதான்" என்பதிலேயே போயிற்று. மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு நோயாளி நாற்காலியில் உட்காருவது கஷ்டம். பிறகு, டியூட்டிக்கு வரும்போது வண்டியை நிறுத்தியதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாராம். நாலைந்து மாதமாக இது தினமும் நடக்கிறது. உள்ளே போகாமல் இருக்க முடியாது என்று தெரியும், இறங்கவும் முடியாது. அதனால் வீட்டிலிருந்து இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் சீக்கிரம் வரும் பொறுப்பான ஸ்டாஃப்.

வீட்டில் வாஷிங் மெஷின் முடிந்து பீப் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. அந்த ஒலி பம்ப் அலாரம் மாதிரியே இருக்கிறதாம். நைட் முடித்துப் பகலில் தூங்க ஒவ்வாமைக்கான மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், முதலில் ஒன்று, இப்போது இரண்டு. வேறு ஏதாவது எடுக்கிறீர்களா, வார்டு மருந்து எதையாவது தொட்டிருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. மற்ற தொழிலில் இருப்பவருக்கு எட்டாத மருந்தெல்லாம் இவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஏழு மாதமாக ஒரு நாள்கூட சிக் லீவ் எடுக்கவில்லை. காய்ச்சலோடு இரண்டு தடவை டியூட்டி பார்த்திருக்கிறார். "நான் வரலன்னா யாரோ டபுள் பாக்கணும். அவளும் செத்துட்டுத்தானே இருக்கா."

கடைசியாகச் சொன்னதுதான் அவரை உண்மையில் வதைத்துக்கொண்டிருந்தது. நோயாளி ஒருவருடைய மகன் ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டிருக்கிறார். "உங்க அப்பா ஒருத்தர்தான் இங்க பேஷன்ட்டா?" என்று இவர் கத்திவிட்டார். மகன் ஒன்றும் சொல்லாமல் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "அந்த மனுஷன் முகம் எனக்கு ஞாபகமே இல்ல டாக்டர். கத்தினது ஞாபகம் இருக்கு, முகம் இல்ல. நான் கெட்டவளாயிட்டேனா?"

குறிப்பேடு சொன்னவை

அவர் அனுமதியோடு, அவர் எழுதிய நர்சிங் நோட்ஸ் சிலவற்றை இன்சார்ஜ் எடுத்துவந்தார். ஒன்றரை வருடம் முன்பு எழுதியதில் ஒரு வரி: "இரவு முழுதும் அமைதியின்றி இருந்தார். மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். காலை 6க்கு மகளைப் போனில் பேசவைத்தோம்; நாடித்துடிப்பு 118லிருந்து 96." போன மாதம் எழுதியது: "நோயாளி நிலை சீர். சிகிச்சை தொடர்கிறது." அதற்கு அடுத்த நாளும் அதே வரி, அதற்கு அடுத்த படுக்கைக்கும் அதே வரி.

சட்டப்படியும் விதிப்படியும் இரண்டாவது குறிப்பில் ஒரு குறையும் கிடையாது. எந்தத் தணிக்கையிலும் அது சிக்காது. ஆனால் அதில் மனிதர் யாரும் இல்லை. பேச்சிலும் அப்படித்தான், பெயர் போய் "நாலாம் பெட்", "வென்டிலேட்டர் கேஸ்" ஆகிவிட்டது. படுக்கை எண்ணைச் சொல்வது எல்லா வார்டிலும் உண்டு, அதில் தவறில்லை. பெயரோடு சொல்லிக்கொண்டிருந்தவர் எண்ணுக்கு மாறினால்தான் கவனிக்க வேண்டும்.

பரிசோதனையும் பிரித்தறிதலும்

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. "வேலைப்பளுதான், லீவு போடுங்க" என்று அனுப்பிவிட்டு, பின்னால் அது தீவிர மனச்சோர்வு நோய் என்று தெரிய வந்த நோயாளிகள் உண்டு. தற்கொலை எண்ணம் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றியதில்லை; "ஒரு சின்ன ஆக்சிடென்ட் ஆகி கால் உடைஞ்சா ரெண்டு மாசம் படுக்கலாமே" என்று மட்டும் பலமுறை தோன்றியிருக்கிறது. இதே வாக்கியத்தை வெவ்வேறு வார்த்தைகளில் பல ஊழியர்களிடம் கேட்டிருக்கிறேன். ஓய்வு கேட்க எலும்பு உடைய வேண்டும் என்று ஒருவர் நினைக்கிற நிலைமையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் 27க்கு 9 வந்தது. வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலே விசாரிப்போம். எல்லைக்கோட்டில் நிற்கும் எண், அதனால் அதை மட்டும் நம்பவில்லை. தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.8, இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு மாத்திரை தொடங்கினோம். களைப்பில் ஒரு பங்கு அதனாலும் இருக்கும். ஆனால் ரத்தசோகை நோயாளியின் மகனைப் பார்த்துக் கத்தவைக்காது, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதவைக்காது.

எனக்கு வழி காட்டியது, பிறகு நாங்கள் கொடுத்த லீவின் நான்காம் நாள். மகளோடு சேர்ந்து பொம்மைக்குச் சட்டை தைத்து, அது தலைகீழாக வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வார்டு வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்த சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. மனச்சோர்வு நோயில் மகிழ்ச்சி எல்லாப் பக்கமும் வற்றிப்போகும். இவருக்கு வேலை என்ற ஒரு திசையில் மட்டும் வற்றியிருந்தது. இந்த வித்தியாசம் எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. நாளான பணிச்சோர்வு மனச்சோர்வு நோய்க்குள் இறங்கிவிடும், இரண்டும் சேர்ந்தும் வரும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஒன்பது கேள்விகளைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

1974ல் பணிச்சோர்வைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பகலில் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த உளவியலாளர். தன்னிடமும் சக ஊழியர்களிடமும் பார்த்ததைத்தான் அவர் எழுதினார். 1981ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அது மூன்றைத் தனித்தனியாக அளக்கிறது: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் விலகிப்போதல், தன் வேலையால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். நம் செவிலியருக்கு முதல் இரண்டும் மிக அதிகம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. வேலை தெரியும் என்ற நம்பிக்கை அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் மேலே வந்தார். இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக உருவானது. ஒரு மதிப்பெண்ணை வைத்து ஒருவருக்கு முத்திரை குத்த அதைப் பயன்படுத்தக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பணிச்சோர்வுக்கு க்யூடி85 என்ற குறியீடு உண்டு, ஆனால் நோய் என்ற பெயர் கிடையாது. வேலையிடத்தில் நீண்ட நாள் இருந்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தால் விளையும் நிலை என்று அங்கே சொல்லியிருக்கிறது. வேலை சம்பந்தமாக மட்டுமே இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. "சரிவரக் கையாளப்படாத" என்றால் யாரால்? அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். இந்த நிகழ்வில் அதற்குப் பதில் ஒரு காகிதத்தில் இருந்தது.

பணிப்பட்டியலை எண்ணினோம்

இன்சார்ஜ் கொண்டுவந்த ஃபைலில் 12 வாரத்து டியூட்டி லிஸ்ட் இருந்தது. மேசையில் வரிசையாகப் பரப்பினோம். அச்சடித்த எழுத்துக்கு மேலே நீலப் பேனாவிலும் பச்சைப் பேனாவிலும் அடித்தல் திருத்தல். அச்சில் இருந்தது திட்டம், பேனாவில் இருந்ததுதான் நடந்தது. இதுவரை பேனாவில் இருந்ததை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

84 நாளில் வாராந்திர ஆஃப் 12 இருக்க வேண்டும். அதில் 5 நாள் கூப்பிட்டு வரவழைத்திருக்கிறார்கள். ஆக 77 நாள் வேலை. எட்டு மணி நேர ஷிஃப்ட். அதில் 11 தடவை ஈவினிங் முடிந்த கையோடு நைட்டும் பார்த்து டபுள் டியூட்டி. மொத்தம் 704 மணி, வாரத்துக்கு ஏறத்தாழ 59. இரவு 11க்கு ஈவினிங் முடிந்து மறுநாள் காலை 7க்கு மார்னிங் வந்தது 8 தடவை. இடையில் இருந்த எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய், குளித்து, தூங்கி, மகளைக் கிளப்பி, திரும்பி வர வேண்டும். ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமல் தொடர்ச்சியாக 19 நாள்.

இன்சுலின் சம்பவம் அந்தத் தொடரின் பதினேழாம் நாள். முந்தின காலை 6க்கு மகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுந்தவர், மதியம் 3க்கு ஈவினிங், 11க்கு நைட். அதிகாலை 5.10க்கு அவர் விழித்து 23 மணி நேரம் ஆகியிருந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருடைய கைத்திறன், ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் உள்ளவருடையதற்குச் சமமாக இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் 1997லேயே காட்டினார்கள். 24 மணி நேரத்தில் அது 0.10க்குச் சமம். குடித்துவிட்டு வந்த ஊழியரை நாம் பம்பைத் தொடவிட மாட்டோம். இவரை விட்டோம், வேறு ஆளில்லாததால் கூப்பிட்டும் வைத்துக்கொண்டோம்.

பட்டியலில் தெரியாத ஒரு எண்ணும் உண்டு. பத்துப் படுக்கைக்கு ஷிஃப்டுக்கு ஐந்து பேர் என்பது ஏற்பாடு. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் ஐந்து மாதமாகியும் யாரையும் எடுக்கவில்லை. இரவில் மூன்று பேர்தான். ஆளுக்கு இரண்டு நோயாளி என்றிருந்தது மூன்று, நான்கு ஆயிற்று. லிண்டா ஐக்கனும் சகாக்களும் 2002ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒவ்வொரு நோயாளி கூடும்போதும் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர்களின் பணிச்சோர்வு வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்திருந்தது. ஒரே காரணம் படுக்கையில் இருப்பவரையும் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்தே தாக்குகிறது. ஊழியர் நலனையும் நோயாளி பாதுகாப்பையும் தனித்தனி கமிட்டிகளில் பேசுவதை நான் அதனால்தான் ஏற்பதில்லை.

மருத்துவர்களுக்கும் இதே கதைதான். 1984ல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்த பிறகுதான் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் அங்கே பொது விவாதமானது. 2003ல் நாடு முழுதும் வாரத்துக்கு 80 மணி என்ற வரம்பு வந்தது. அடுத்த வருடம் பாஸ்டனில் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட ஷிஃப்ட் பார்த்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேரம் பார்த்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்திருந்தார்கள்.

என்ன செய்தோம்

அவருக்குச் செய்தது கொஞ்சம்தான். சம்பளத்தோடு மூன்று வாரம் லீவ். அந்த நான்காம் நாளுக்குப் பிறகு, லீவ் முடியும்வரை வார்டு வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியே. இதற்கு இன்சார்ஜின் உத்தரவு தேவைப்பட்டது, தானாக வெளியேற அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தித் தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தினோம். மனச்சோர்வுக்கான மருந்து கொடுக்கவில்லை. ஐந்து தடவை உட்கார்ந்து பேசினோம். அதில் இரண்டு அமர்வு முழுதும் இன்சுலின் பற்றியே போயிற்று. லீவின் இரண்டாம் வாரத்தில்தான் அவருக்கு அழுகை வந்தது. "20ன்னு ஸ்க்ரீன்ல தெரியுது, நான் பாத்துட்டே இருக்கேன், அது எனக்கு ரெண்டுன்னுதான் தெரியுது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். தவறு செய்த ஊழியர் நோயாளிக்கு அடுத்தபடி காயப்படும் இரண்டாமவர் என்று 2000ல் ஆல்பர்ட் வூ எழுதினார். அந்தக் காயத்துக்கு யாரும் மருந்து போடுவதில்லை. விளக்கக் கடிதம் கேட்போம். இவரிடமும் மூன்று நாளுக்குள் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மீதி எல்லாம் பட்டியலுக்குச் செய்தது. இன்சார்ஜும் நானும் எண்ணிய கணக்கை எடுத்துக்கொண்டு மருத்துவ மேலாளரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. "ஆள் இல்ல டாக்டர், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அது உண்மைதான். ஆனால் ஆளில்லை என்பதற்கான விலையை ஒவ்வொரு இரவும் மூன்று பேர் உடம்பால் கட்டிக்கொண்டிருந்தார்கள், அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. 704 என்ற எண்ணை அவர் இரண்டு தடவை தானே கூட்டிப் பார்த்தார்.

மாற்றங்கள் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வந்தது ஈவினிங்குக்கு அடுத்து மார்னிங் போடக் கூடாது என்ற விதி. இதற்குக் காசு செலவே இல்லை, பட்டியல் போடுபவர் கவனித்தால் போதும். சுழற்சி மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கியே போக வேண்டும், தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் கூடாது, அதன் பிறகு இரண்டு நாள் ஆஃப். பட்டியல் நான்கு வாரம் முன்னதாகவே ஒட்டப்பட வேண்டும். டபுள் டியூட்டி போட வேண்டுமென்றால் பணியில் இருக்கும் மேற்பார்வை மருத்துவரும் கையெழுத்திட வேண்டும். எளிதாகச் செய்ய முடிந்ததைக் கஷ்டமாக்கியதே பாதியைக் குறைத்தது. ஆபத்தான மருந்துகளுக்குப் பம்ப் வேகத்தை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது, இரவில் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு இருபது நிமிடம் உட்காருவது, மருந்து இருப்புப் பதிவேட்டைச் செவிலியர் கையிலிருந்து எடுத்து எழுத்தரிடம் கொடுப்பது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

மிகக் கடினமான முடிவு படுக்கையைக் குறைத்தது. புதிய ஆட்கள் வரும்வரை பத்தை எட்டாக்கினோம். ஆட்களை எடுத்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் இடமில்லை என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பப்பட்ட நோயாளிகள் இருந்தார்கள், அவர்கள் குடும்பங்கள் இருந்தன. அது சரியான முடிவுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போது நெஞ்சு கனக்காமல் இருப்பதில்லை.

எதிர்ப்பு ஊழியர்களிடமிருந்தும் வந்தது. டபுள் டியூட்டியில் வரும் கூடுதல் பணத்தை நம்பிக் கடன் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னிடம் நேராகவே வந்தார்கள். "உங்க அக்கறை எல்லாம் சரி டாக்டர், எங்க தவணைய யாரு கட்டறது?" அவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு வரை அனுமதி, அடுத்த நாள் கட்டாய ஆஃப் என்று சமாளித்தோம். பிழைக்கப் போதுமான சம்பளம் இல்லாத இடத்தில் சோர்வுத் தடுப்பு பற்றிப் பேசினால் இப்படித்தான் அரைகுறையாக முடியும். வேலைப்பளு, கட்டுப்பாடு, கைம்மாறு, சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்புகள் என்று ஆறு இடங்களில் வேலைக்கும் மனிதருக்கும் பொருத்தம் குலைவதை மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பட்டியலிட்டார்கள். நாங்கள் தொட்டது அதில் மூன்றைத்தான்.

உருப்படாத முயற்சிகளையும் எழுத வேண்டும். நிர்வாகம் நல்லெண்ணத்தோடு ஒரு யோகா வகுப்பு ஏற்பாடு செய்தது. ஞாயிறு காலை எட்டு மணி, வருகைப் பதிவேடு உண்டு. நைட் முடித்தவர்கள் தூக்கத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஃப் உள்ளவர்கள் ஆஃபை விட்டு வந்திருந்தார்கள். இரண்டாம் வாரமே நிறுத்தச் சொன்னேன். மூச்சுப் பயிற்சியும் தியானமும் சிலருக்கு உதவும், அதை மறுக்கவில்லை. மருத்துவர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான ஒரு மதிப்பாய்வில், தனிமனிதரைத் திருத்தும் முயற்சிகளைவிட வேலை அமைப்பைத் திருத்தும் முயற்சிகளுக்கே பலன் கூடுதலாக இருந்தது. வீட்டுக் கூரை ஒழுகும்போது உள்ளே இருப்பவருக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பதிலாக நிலைத்தது ஒரு பதினைந்து நிமிடப் பேச்சு. வார்டில் ஒரு மரணம் நடந்தால் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள், அங்கிருந்தவர்கள் ஒன்றாக நின்று பேசுவது. சிகிச்சையில் என்ன தவறு என்ற பேச்சு அங்கே கூடாது. புற்றுநோயால் 1995ல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞரின் பெயரில் தொடங்கிய மையம், மருத்துவமனை ஊழியர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் உணர்வைப் பேசும் கூட்டங்களை ஒரு முறையாகவே பரப்பியது. எங்களுடையது அதன் மிகச் சிறிய, ஏழை வடிவம். முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு வார்டு பாய், "அந்தப் பாட்டி என்னை எப்பவும் தம்பின்னு கூப்பிடும்" என்றார். அதற்கப்புறம் எல்லாரும் பேசினார்கள்.

தொடர் கவனிப்பு

நான்கு வாரம் மார்னிங் மட்டும் என்ற ஏற்பாட்டோடு அவர் அதே பிரிவுக்கே திரும்பினார். வேறு வார்டுக்கு மாற்றுகிறோம் என்று கேட்டோம், அவர் ஒப்பவில்லை.

ஆறாம் வாரம் சறுக்கினார். விபத்தில் வந்த இளைஞர் ஒருவர் இறந்த மறுநாள், பழைய மரத்துப்போன நிலை அப்படியே திரும்பிவிட்டது. வண்டியில் உட்கார்ந்திருந்ததை அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். முன்பு ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாததை இப்போது ஒரே நாளில் சொன்னார். இரண்டு நாள் ஆஃப் கொடுத்து, ஒரு அமர்வு கூடுதலாகப் பேசினோம். ஒன்பது கேள்வி மதிப்பெண் மூன்றாம் மாதம் 5, ஆறாம் மாதம் 3. உணர்வு வற்றிப்போகும் அளவு குறைந்தது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. ஆறாம் மாதத்தில் வாரச் சராசரி 46 மணி.

ஏழாம் மாதம் அவர் எழுதிய குறிப்பு ஒன்றை இன்சார்ஜ் எனக்குப் படித்துக்காட்டினார்: "காது சரியாகக் கேட்கவில்லை. இடது காதில் பேசினால் புரிந்துகொள்கிறார். அடுத்த ஷிஃப்ட் கவனிக்கவும்."

படித்துவிட்டு ஃபைலை மூடும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். முதல் நாள் வந்தபோதும் அவர் உட்காரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதத்தில் எத்தனையோ தடவை இந்த அறைக்கு வந்திருக்கிறார், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. டபுள் டியூட்டி குறைந்தபோது, விழுந்த ஓட்டையை யார் அடைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

"சிஸ்டர், நீங்க கடைசியா எப்போ ஆஃப் எடுத்தீங்க?"

யோசித்தார். பதில் வரவில்லை. ஃபைலை வாங்கிப் பிரித்து அவர் பெயரைத் தேடினேன். பதினெட்டு வரிசை, பதினெட்டுப் பெயர். அவர் பெயர் இல்லை.

"நான் அதுல வர மாட்டேன் டாக்டர். லிஸ்ட் போடறது நான்தானே."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கடந்த 12 வாரத்தின் தேதிகளை எழுதத் தொடங்கினேன். அவர் போனில் இருந்த அழைப்புகளைப் பார்த்து, எந்தெந்த இரவு வார்டுக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.